நான் எறங்கிக்கிடுதேன்

முதன்முதலில் நான் அவரைப் பார்த்தது, அவர் ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது. இறங்க வேண்டிய இடம் அதுவல்ல.

ஈரோட்டிலிருந்து நாங்கள் தெலுங்கு பேசும் ராமச்சந்திராபுரத்துக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கணவருக்குப் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. கேஸ் இணைப்பு மாற்றும் விஷயமாக நான் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஆட்டோவில் ஏற்கெனவே ஏழு பேர். பெட்ரோல் பங்க் அருகே டிரைவர் நிறுத்தி, ஷிப்டுக்குப் போகிற இரண்டு பேரைத் தன் இரு பக்கமும் ஏற்றிக்கொண்டான். ஒருவருக்குப் பாதி உடம்பு வெளியே. வண்டி நகர்ந்ததும், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி மடியிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டிரைவரின் முதுகில் தட்டினார்.

"ஆப்பு பாபு" என்று தெலுங்கில் நிறுத்தச் சொன்னவர், பிறகு யாரிடம் என்றில்லாமல் தமிழில், "நான் எறங்கிக்கிடுதேன், நீங்க போங்க" என்றார்.

"கைக்கு உதர்தே அம்மா? பைட்டோ, பைட்டோ" என்று, இறங்காமல் உட்காரும்படி டிரைவர் இந்தியில் கெஞ்சினான். அவர் கோபப்படவில்லை, விளக்கம் சொல்லவில்லை. இறங்கி, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, வேப்ப மரத்தடியில் போய் நின்றுவிட்டார். அரைமணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாலையில் வீடு திரும்பினால், எங்கள் கீழ்வீட்டு வாசலில் அதே பெண்மணி நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார். "நீதான் மேல வந்திருக்க பிள்ளையா? ஈரோட்டுக்காரவுகன்னு சொன்னாவ. ஆட்டோவுல என்ன முழி! தமிழ்னு அப்பவே நெனச்சேன்" என்று சிரித்தார்.

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். டவுன்ஷிப் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தன. அவர் கணவரும் அதே தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். தமிழர்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் இவர் எங்கள் எல்லோருக்கும் அக்கா.

அக்கா எங்கே போனாலும் முதலில் வெளியேறும் வழியைப் பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் கதவோர நாற்காலி. சினிமாவில் நடைபாதை ஓர இருக்கை. அந்த இருக்கை கிடைக்காவிட்டால் படம் பார்க்கமாட்டார். அண்ணாச்சி மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார். பிறகு வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரப் படத்தை மூன்றரை மணி நேரம் சொல்வார். சண்டைக் காட்சிகளுக்கு எழுந்து நின்றுகொள்வார். எங்கள் தரை வழியாகச் சத்தம் மேலே வரும்.

ஒரு தடவை எல்லோருமாகப் பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்து, மேலே கம்பியும் பூட்டியாயிற்று. எங்கள் தொட்டிலுக்குமேல் ஏழெட்டுத் தொட்டில்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. அக்கா கம்பியை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். அது கொஞ்சம் ஆடியது. "ஏங்க, நான் எறங்கிக்கிடுதேன்" என்றார். ராட்டினக்காரன் திட்டிக்கொண்டே கம்பியைத் திறந்தான். அண்ணாச்சி இறங்கவில்லை. "நீ நில்லுட்டி, நான் பாத்து சொல்லுதேன்" என்றவர், ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும்போது ஒரு செய்தி போட்டுவிட்டுப் போனார். "ரயிலு போவுதுட்டீ!" அடுத்த சுற்றில், "ஒரு வீட்டு மொட்ட மாடில பட்டம் வுடுதான்!" அதற்கடுத்த சுற்றில், "பசிக்கிட்டி!" அக்கா கீழே நின்று, தலையை அண்ணாந்து, ஒவ்வொன்றுக்கும் "சரி, சரி" என்று தலையாட்டினார். முப்பது வருடக் குடும்பம் எப்படி நடந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

வண்டி வாகனம் என்றில்லை. பெண்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்திருப்போம். பேச்சு மெல்ல இன்னொரு வீட்டுப் பெண்ணின் பக்கம் போகும். அவள் யாரோடு பைக்கில் போனாள், எத்தனை மணிக்கு வந்தாள். அக்கா சோபாவிலிருந்து எழுந்து, "நான் எறங்கிக்கிடுதேன், நீங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் சிரிப்போம். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சு ஓடாது. காபியைக் குடித்துவிட்டு எல்லோரும் கலைந்துவிடுவோம். "பேசுங்கன்னு சொல்லிட்டே வாயை அடைச்சிட்டுப் போயிடறாங்க" என்று ஒரு தோழி முணுமுணுத்தாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நாங்கள் வந்த நாலாவது வருடம், கொரோனாவுக்கெல்லாம் முன்பு, ஒரு டிசம்பரில் கோதாவரிப் பயணம் ஏற்பாடாயிற்று. ஏற்பாடு செய்தது என் கணவர். தமிழ்க் குடும்பங்கள் ஆறு, ஆக மொத்தம் இருபத்திரண்டு பேர். வேன் பேசுவது, பத்ராசலத்தில் அறை பிடிப்பது, படகில் இடம் சொல்வது என்று இரண்டு மாதம் வேறு வேலையே பார்க்கவில்லை அவர். எனக்கும் அது வெறும் சுற்றுலா இல்லை. காவிரிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு பெரிய ஆற்றில் ஒரு நாள் முழுக்கப் படகில் போக வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே மனதில் இருந்தது. ஆபீசில் லீவுக்காக மேனேஜரிடம் ஒரு வாரம் சண்டை போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பி மாலையில் பத்ராசலம். கோயில். மறுநாள் விடியலில் மறுபடி வேன், காட்டு வழியே படகுத்துறைக்கு. ஆறு தெரிந்த இடத்தில் டிரைவர் சொல்லாமலே வேகத்தைக் குறைத்தார். பனிமூட்டம் தண்ணீரின் மேல் படுத்திருந்தது. அக்கரை எங்கே என்று தெரியவில்லை. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, "அம்மா, இதி சமுத்ரமா?" என்று கேட்டாள்.

படகு இரண்டு தட்டு. மேல்தட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒலிபெருக்கி, மைக் பிடித்து ஆடவைக்க ஒரு ஆள். எங்களைப் போல இன்னும் மூன்று கூட்டம் ஏறியிருந்தது. மேல்தட்டின் ஓரத்தில், கம்பிக்குப் பக்கத்தில், எனக்கு நல்ல இடம் கிடைத்தது. படகு ஆட்கள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் வரிசையின் பாதியில் சட்டைகள் தீர்ந்துவிட்டன.

அண்ணாச்சிக்குக் கிடைத்திருந்தது. அக்காவுக்கும் கிடைத்திருந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. மகளுக்கு ஒன்று கிடைத்தது, முழங்கால் வரை தொங்கிற்று. அதன் கயிறும் ஒரு பக்கம் அறுந்திருந்தது.

அக்கா எழுந்துபோய்ப் படகுக்காரரிடம் தனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டார். இன்னும் சட்டை இருக்கிறதா? அவர் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சிரித்தார். "ஏம் காதம்மா. ரோஜூ போத்துன்னாம்." ஒன்றும் ஆகாது, தினமும்தான் போகிறோம். கீழ்த்தட்டில் இருக்கும், வழியில் எடுத்துத் தருகிறோம் என்றார்.

அக்கா கீழ்த்தட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தன் சட்டையைக் கழற்றி என் மடியில் வைத்தார். பையை எடுத்துக்கொண்டார்.

"நான் எறங்கிக்கிடுதேன். நீங்க போயிட்டு வாங்க."

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆறு குடும்பமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் வேண்டாங்க்கா. இதுக்காக ரெண்டு மாசம் அலைஞ்சிருக்கறன்."

"நீங்க போங்க தம்பி. நான் யாரையும் எறங்கச் சொல்லலியே."

"நீங்க இறங்குனா அதுக்கு வேற என்னங்க்கா அர்த்தம்?" அவர் குரல் உயர்ந்துவிட்டது. "நாங்கெல்லாம் அறிவு கெட்டுப் போய் உக்காந்திருக்கறம்னுதானே அர்த்தம்? புள்ள குட்டிய வெச்சிட்டு!"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். முகம் சிறுத்துவிட்டது. படகுக்கும் கரைக்கும் நடுவே போட்டிருந்த பலகையின் மேல் காலை வைத்தார். அண்ணாச்சி வழக்கம்போல, "நிழல்ல உக்காருட்டி. நான் பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்றார். அவருக்கு இது ராட்டினத்திலிருந்து இறங்குவது மாதிரிதான்.

அப்போது என் மகள் என் கையை உருவிக்கொண்டு ஓடினாள். "பெத்தம்மா, நேனு கூட திகுதா!" நானும் இறங்குகிறேன் என்று. அக்காவை அவள் பெரியம்மா என்றுதான் தெலுங்கில் கூப்பிடுவாள். பலகை ஏறி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தார். கூப்பிடு என்றும் சொல்லவில்லை, அனுப்பு என்றும் சொல்லவில்லை. என் கணவர், "போகட்டும் விடு" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் ஏன் இறங்கவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். கணவரை அத்தனை பேர் நடுவே விட்டுவிட்டுப் போக முடியாது என்பது ஒன்று. ஆனால் அது மட்டும் இல்லை. எனக்கு அந்த ஆறு வேண்டியிருந்தது. பிள்ளை கரையில் அக்காவோடு நிற்கிறாள் என்று பார்த்ததும், பயத்தையெல்லாம் அவளோடு சேர்த்து அங்கே இறக்கிவிட்டது போல ஒரு நிம்மதி வந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். பலகையை இழுத்துவிட்டார்கள்.

அந்த நாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பனி விலக விலக இரண்டு பக்கமும் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. உப்புமாவும் டீயும் கொடுத்தார்கள். மணல் திட்டுகளில் மூங்கில் குடிசைகள். ஒரு திருப்பத்தில், தண்ணீர் கலங்கலாக இருந்தது போய்ப் பச்சையாகிவிட்டது. மைக் ஆள் பாட்டை நிறுத்தி, இதுதான் பாப்பிகொண்டலு, பாப்பிடி என்றால் தலை வகிடு, மலைக்கு நடுவே ஆறு வகிடு எடுத்த மாதிரி போகிறது பாருங்கள் என்று தெலுங்கில் சொன்னான். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொன்னதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மாலையில் சொல்ல வேண்டுமே.

வகிட்டின் நடுவில் எஞ்சின் நின்றுபோயிற்று.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பாட்டு நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையைத் தூக்கியபடி நின்றார்கள். கீழே ஏதோ இரும்பைத் தட்டுகிற சத்தம். படகு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்ப ஆரம்பித்தது. முன்னால் இருந்த மலை வலது பக்கம் வந்தது. தண்ணீர் படகின் வயிற்றில் மோதுகிற சத்தம் அப்போதுதான் கேட்டது. அதுவரை பாட்டில் அது தெரியவில்லை. கீழ்த்தட்டில் ஒரு குழந்தை அழுதது. படகுக்காரர் "ஏம் காது, ஏம் காது" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். அவர் துண்டு கழுத்தில் இல்லை.

நான் அக்கா கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்டேன். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துபோயிற்று. பக்கத்தில் அண்ணாச்சி தன் சட்டைக் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் எழுந்து நின்று, கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணுகிறார் என்று தெரிந்தது. என்னிடம் வந்ததும் அவர் கண் எனக்குப் பக்கத்துக் காலி நாற்காலியில் ஒரு கணம் நின்றது. பிறகு அவர் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். எனக்கும் அதேதான். அந்த இருபது நிமிடமும் என் மகள் அங்கே இல்லை என்பதைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை.

அண்ணாச்சி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நல்லவேள, அவ எறங்கிட்டா" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

இருபது நிமிடம் கழித்து எஞ்சின் இருமிவிட்டு ஓடிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். பாட்டு மறுபடி, முன்னைவிடச் சத்தமாக. ஆட்டமும்தான். சாப்பாடு நன்றாக இருந்தது. ஆற்றோரச் சிவன் கோயிலில் இறக்கி ஏற்றினார்கள். கரை தெரிகிற தூரத்தில் அண்ணாச்சி என் பக்கம் குனிந்தார்.

"எம்மா, அந்த எஞ்சின் விஷயத்த அவகிட்ட சொல்லிராத. அப்புறம் என்னைய எங்கயும் வுடமாட்டா."

"சரிங்கண்ணாச்சி" என்றேன். எனக்கும் சொல்ல ஆசையில்லை. சொன்னால், காலையில் கணவர் பேசியதற்கெல்லாம் அது பதிலாகிவிடும் என்று பயம்.

படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, கணுக்கால் ஆழத் தண்ணீரில் என் மகள் குதித்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் ஒரு துண்டு கட்டியிருந்தது. துண்டோடு அக்காவின் சால்வை முடிச்சுப் போட்டிருந்தது. சால்வையின் மறுமுனை மணலில் உட்கார்ந்திருந்த அக்காவின் மணிக்கட்டில் இரண்டு சுற்று. காலையிலிருந்து இப்படித்தானா என்று கேட்டேன். சாப்பிடும்போது அவிழ்த்ததாக மகள் சொன்னாள். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் இவர்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா?" என்று அக்கா எழுந்து வந்தார். குரலில் குத்தல் துளியும் இல்லை. நல்லா இருந்திருக்க வேண்டும் என்ற கவலைதான் இருந்தது. என் கணவர் நேராக வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திரும்புகிற வழி முழுக்க, எனக்கு முன்னிருக்கையில் அண்ணாச்சி சொல்லிக்கொண்டு வந்தார். உப்புமா, பச்சைத் தண்ணீர், வகிடு. அக்கா ஜன்னலில் தலை சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடு மலையில எஞ்சின அமத்திட்டாம்ட்டி."

"என்னத்துக்கு?"

"சத்தம் இல்லாம ஆத்தப் பாக்கட்டும்னுதான். பாட்டையும் அமத்திட்டான். எம்மா, என்ன அமைதிட்டி! தண்ணி படகுல தட்டுத சத்தம் மட்டும். படகு தானா ஒரு வட்டம் போட்டுது பாத்துக்கோ, மலையெல்லாம் நம்மள சுத்தி வருத மாதிரி."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு இருவது நிமிசம்."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "நல்லா இருந்திருக்கும்" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு என் கணவர் அக்காவோடு பேசவில்லை. படியில் எதிர்ப்பட்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். ஒரு வாரம் பொறுத்து நான் கீழே போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "அவர் கோபத்துல பேசிட்டாருங்க்கா" என்றேன்.

அக்கா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "தம்பி என்னைய சட்டம் பேசுதவன்னு நெனச்சிட்டாரு. எல்லாரும் அப்படித்தான் நெனைக்காவ. அதெல்லாம் இல்லட்டி. எனக்குப் பயம். அவ்வளவுதான். பயந்தவ எறங்கிரணும். பயந்துகிட்டே உக்காந்திருந்தா பக்கத்துல இருக்கவங்களுக்கும் அந்த நாள் வீணாப் போயிரும்." கீரைக் காம்பைத் தட்டில் போட்டுவிட்டு, "எறங்கியும் வீணாக்கிட்டேன்" என்றார்.

அடுத்த வருடம் நாகார்ஜுன சாகர் போவதாக முடிவாயிற்று. அதற்குப் புதிதாக ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார்கள். பழைய குழுவில் இருந்த எல்லோரும் அதில் இருந்தார்கள், அக்காவையும் அண்ணாச்சியையும் தவிர. நான் கவனித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

"எங்கயோ போறியளாமே?" என்று படியில் அக்கா கேட்டார்.

"ஆபீஸ் டூர்க்கா" என்றேன்.

என்னை ஒரு விநாடி பார்த்தார். "போயிட்டு வாங்க. பிள்ளைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றார். சாகரில் நாங்கள் ஏறிய லாஞ்சில் எல்லோருக்கும் மிதவைச் சட்டை இருந்தது. அன்றைக்கு அண்ணாச்சி வந்திருக்கலாம், அக்காவும் வந்திருக்கலாம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கொரோனாவின் இரண்டாவது வருடம் அண்ணாச்சிக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமென்று தெரிந்ததும், கவச உடைகூட இல்லாமல் அவரைக் காரில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் கணவர்தான். நாலு வருடம் பேசாதவர், பதினோரு நாளும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். அக்காவை உள்ளே விடவில்லை. அண்ணாச்சி தனியாகத்தான் போனார். இந்த முறை போய்விட்டு வந்து சொல்ல அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா அதிகம் வெளியே வரவில்லை. கீழிருந்து சத்தம் மேலே வருவதும் நின்றுபோயிற்று. ஒரு வருடம் கழித்து வீட்டை விற்றுவிட்டுப் பாளையங்கோட்டையில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோவதென்று முடிவு செய்தார். லாரியில் சாமான்கள் போய்விட்டன. ரயிலுக்குப் போக கார் சொல்லியிருந்தோம். அந்த மத்தியானம் காலி ஹாலில், விற்காமல் விட்டுப்போன இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"அவிய போயிட்டு வந்து சொன்ன எடமெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றார் அக்கா. "கோதாவரியும்தான். உப்புமாவுல முந்திரி இல்லாததுலேர்ந்து எல்லாம் தெரியும்."

நான் சிரித்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா? பொய் சொல்லக்கூடாது." என் பக்கம் திரும்பினார். "எஞ்சின அமத்துனாங்கன்னு சொன்னாவ. அமத்துனதா, நின்னு போனதா?"

இல்லாத மனிதருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், பொய் சொல்லாதே என்று கேட்கிற அக்கா ஒரு பக்கம்.

"நின்னுதான் போச்சுங்க்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு அன்னைக்கே தெரியும். ஒரு நாள் வாடகை வாங்கினவன் இருவது நிமிசம் எதுக்கு அமத்தப் போறான்? அவ்வளவு ஆசையா சொல்லிட்டு வாராவ, நடுவுல கேட்டா முகம் வாடிரும்னு விட்டுட்டேன். பெறகு கேக்கலாம், பெறகு கேக்கலாம்னு..." நிறுத்திக்கொண்டார். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. "ஏட்டி, நீயும் அதுல இருந்தியேட்டி. உனக்குச் சட்ட வேற இல்லியே."

"உங்க சட்டை இருந்துச்சுங்க்கா."

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. என் கையை மேலிருந்து கீழாக ஒரு முறை தடவினார், அடிபட்ட பிள்ளையைப் பார்ப்பது போல. அந்தப் படகு கரைக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. அவர் கண்ணில் இருந்தது அப்போதைய பயம்.

"அவிய பயந்தாவளா?"

"பயந்தாருங்க்கா. சட்டைக் கயித்தை ரெண்டு கையிலயும் பிடிச்சிட்டு இருந்தாரு."

"ஒண்ணும் சொல்லலியா?"

"'நல்லவேள, அவ எறங்கிட்டா'ன்னு சொன்னாரு."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலிச் சுவரில் அண்ணாச்சியின் படம் இருந்த இடத்தில் சதுரமாக வெளுத்த பெயிண்ட் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்த பிறகு பார்த்தால் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

வெளியே ஹாரன் கேட்டது. மகள் வாசலில் எட்டிப் பார்த்து, "பெத்தம்மா, கேப் வச்சிந்தி" என்று கார் வந்துவிட்டதைச் சொன்னாள்.

"நிக்கட்டும்ட்டி" என்றார் அக்கா. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எஞ்சின் நின்னதும் அவிய முகம் எப்படி இருந்துச்சு? அதுலேர்ந்து சொல்லு. ஒண்ணையும் விடாத."